எம்ஜிபியையும் ஸ்விஃப்டையும் ஒப்பிடுவது எப்படி?

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கார். 1962-இல் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது துணிக் கூரை போட்ட இரண்டு சீட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மணிக்கு 103 மைல் வரை போகும் என்பது அந்தக் காலத்துச் சோதனைக் கணக்கு. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை எட்ட 12 வினாடி சொச்சம் ஆகும். இங்கிலாந்தில் 2024-இல் விற்பனைக்கு வந்த சுசுகி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் கியர் வண்டிக்கு உச்ச வேகம் அதே 103 மைல், 62 மைலை எட்ட 12.5 வினாடி. எம்ஜிபியின் நீளம் 3,886 மில்லிமீட்டர், ஸ்விஃப்டின் நீளம் 3,860. எடை முன்னதற்கு 920 கிலோ பக்கம், பின்னதற்கு 950 பக்கம்.

இத்தோடு நிறுத்திவிட்டு, “பார்த்தாயா, அறுபது வருஷத்துக்கு முன்னால் ஸ்போர்ட்ஸ் கார் என்றது இன்றைக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டிதான்” என்று சிரிப்பவர்கள் நிறைய. இன்னொரு கோஷ்டி, “இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் டப்பா” என்று ஆரம்பிக்கும். இரண்டு கோஷ்டியும் இரண்டு வண்டியையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம்.

நான் ஈரோட்டில் அம்பாசிடர் டாக்ஸிகளைப் பிரித்துப்போட்டுத் தொழில் கற்றவன். இப்போது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு பட்டறையில் எம்ஓடி சோதனை பார்க்கிறேன், அதாவது இந்த ஊர் எஃப்சி. வீட்டு வாசலில் 1966 எம்ஜிபி ஒன்றும் மனைவியின் ஸ்விஃப்டும் நிற்கின்றன. பழைய வண்டி வாங்க ஆசைப்படும் நண்பர்கள் வந்தால் இரண்டையும் காட்டி எப்படி ஒப்பிடச் சொல்வேனோ, அதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஹூண்டாய் ஐ10-உம் என்றாலும் முறை இதேதான்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் ஒரு மாடல். எம்ஜிபி ஒரு ஆள். ஷோரூமில் எந்த மேனுவல் ஸ்விஃப்டை எடுத்தாலும் மேலே சொன்ன எண்கள் ஏறக்குறைய பொருந்தும். எம்ஜிபியோ 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. அவற்றில் இன்று உங்கள் முன்னால் நிற்பது ஒன்றே ஒன்று. அதை எத்தனை பேர் வெல்டு அடித்தார்கள், எத்தனை பேர் வயரை மாற்றினார்கள் என்பது அதற்கு மட்டும் உரிய கதை. ஆகவே ‘எம்ஜிபியா ஸ்விஃப்டா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்த எம்ஜிபி’ என்று கேட்க வேண்டும்.

எண்களைச் சரிப்படுத்துங்கள்

பழைய கேட்லாக் எண்ணையும் புது எண்ணையும் அப்படியே பக்கத்தில் எழுதாதீர்கள். எம்ஜிபிக்கு 95 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். பிற்காலத்து பிரிட்டிஷ் எம்ஜிபிகளுக்கு டிஐஎன் என்ற ஜெர்மன் அளவு முறையில் 84 என்று வருகிறது. இன்ஜினில் நடந்த மாற்றங்கள் கொஞ்சம் காரணம், அளக்கும் முறை கொஞ்சம் காரணம். ஸ்விஃப்டின் 3 சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜின் தருவது 82. எனவே 95-க்கும் 82-க்கும் நடுவே தெரியும் இடைவெளியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியது டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை. எம்ஜிபியின் 1,798 சிசி இன்ஜின் 3,000 சுற்றிலேயே 149 நியூட்டன் மீட்டர் இழுக்கிறது. ஸ்விஃப்டுக்கு 4,500 சுற்றில் 112. அதனால்தான் ஊருக்குள் எம்ஜிபியை மூன்றாவது கியரில் போட்டுவிட்டால் கியர் மாற்றும் வேலையே குறைந்துவிடும். அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இந்த இழுவை பழக்கமாக இருக்கும். இருக்காதா பின்னே? அம்பாசிடரில் வந்த 1,489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் இன்ஜினும் பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ என்ற ஒரே குடும்பம். முதல்முறை என் எம்ஜிபியின் பானட்டைத் திறந்தபோது, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கைக்குத் தானாகவே தெரிந்தது.

அகலத்தையும் பாருங்கள். எம்ஜிபி 1,524 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் 1,735. இருபது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். எதிரே டிராக்டர் வரும் கிராமத்துச் சாலையில் அந்த இருபது சென்டிமீட்டர்தான் எல்லாம். சின்ன கார் என்று நாம் சொல்லும் ஸ்விஃப்டை அங்கே ஓரங்கட்டி நிறுத்த வேண்டியிருக்கும். எம்ஜிபி போய்க்கொண்டே இருக்கும்.

பழையதைத் தயார் செய்யாமல் ஒப்பிடாதீர்கள்

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் டியூனிங் கெட்ட எம்ஜிபியை ஓட்டிவிட்டு “பழைய வண்டி இப்படித்தான் போல” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கீழிருந்து ஆரம்பியுங்கள். எம்ஜிபிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. அதன் உயிர், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதி. அது துருப்பிடித்து, மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் நெடுகத் தடவுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. அப்புறம், ஓனர் சம்மதித்தால், ஜாக் வைக்கும் இடத்தில் வண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருந்த இடைவெளி மேலே குறுகிக் கதவு இடித்தால், வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். முன் மட்கார்டுகளின் அடிப்பகுதி, பின்பக்க பிளேட் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் குழிகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆம், பேட்டரி சீட்டுக்குப் பின்னால்தான். என்னுடைய வருஷத்து வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. அதிலும் 1967 இறுதி வரை வந்தவை பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. தெரியாமல் ஜம்ப் ஸ்டார்ட் கேபிளை மாட்டாதீர்கள்.

துருவுக்குப் பயந்து இந்த ஆசையையே விட வேண்டியதில்லை. 1980-களின் கடைசியிலிருந்து எம்ஜிபிக்கு முழு பாடியையே, பழைய அச்சுகளை வைத்து, புதிதாக அடித்துத் தருகிறார்கள். அப்படி மறுபிறவி எடுத்த வண்டி கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். பாடி மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து இன்ஜின். சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். ஓடும்போது 50-இலிருந்து 80 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் பத்துக்குக் கீழே விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. 1964 இறுதிக்குப் பிந்திய வண்டிகளில் கிராங்க் ஷாஃப்டுக்கு 5 மெயின் பேரிங், அதற்கு முன்னால் 3. நீண்ட தூரம் ஓட்ட நினைப்பவர்கள் ஐந்தைத் தேடுவது நல்லது.

எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க, ஒரு ரப்பர் டியூபின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். ‘உஸ்’ சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன பின் இருக்கும். அதை மெல்ல மேலே தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு உயர்த்துங்கள். சுற்று ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கம்ப்யூட்டரும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம். ஸ்விஃப்டில் இந்த வேலை முழுவதையும் இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் வினாடிக்குப் பலமுறை செய்துவிடுகிறது, உங்களிடம் கேட்காமலேயே.

கம்பிச் சக்கரம் இருந்தால், வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திக் காது கொடுங்கள். ‘டக்’ என்று கேட்டால் நடுவில் இருக்கும் பல் தேய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது கேட்டாலும் அதேதான்.

டயரை மறக்கவே கூடாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வருஷத்தில் கொஞ்ச தூரம்தான் ஓடுகின்றன. டயரில் பட்டன் குறையாது, ரப்பர் மட்டும் கல்லாகிவிடும். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1412 என்றால் 2012-இன் 14-ஆவது வாரம். அப்படிப்பட்ட டயரோடு ஸ்விஃப்டுடன் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது டயரைத்தான். ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: எம்ஜிபியில் பலரும் போடும் 165/80 R14, இந்தியாவில் ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்டுகளில் வரும் அதே அளவு.

பெட்ரோல்: இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது. 5 சதவீதம் வரை மட்டும் எத்தனால் கலந்த சூப்பர் வகையான இ5 போடுங்கள்.

ஒரே சாலை, ஒரே நாள்

ஒப்பிடும் சாலையில் மூன்று வேண்டும்: மேடுபள்ளமான வளைவுகள், ஒரு செங்குத்தான ஏற்றம், வேகமான நேர்சாலை. நான் போகும் சுற்று வான்டேஜில் தொடங்கும். அங்கிருந்து பி4507 வழியாக, அஃபிங்டன் வெள்ளைக் குதிரை மலையின் அடிவாரத்தை ஒட்டி ஆஷ்பரி. பி4000-இல் ஷ்ரிவனம் வந்து ஏ420 பிடித்து ஃபேரிங்டன். ஏ417 வழியாகத் திரும்பினால் மறுபடி வான்டேஜ். வழியில் கிங்ஸ்டன் லைல் அருகே மலை ஏறும் ஒரு சந்து இருக்கிறது. ஏற்றச் சோதனையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஸ்விஃப்ட், அதன் பிறகு எம்ஜிபி, கடைசியில் மறுபடி ஸ்விஃப்ட். இந்த வரிசை முக்கியம். ஸ்விஃப்டிலிருந்து இறங்கி எம்ஜிபியில் ஏறும் முதல் பத்து நிமிடம் உங்களுக்கு எதுவுமே பிடிக்காது. கால் பிரேக்கைத் தேடி அமுக்கும். அமுக்கிய அளவுக்கு வண்டி நிற்காது. பல பழைய எம்ஜிபிகளில் பிரேக் மிதியை லேசாக்கும் சர்வோ இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் உங்கள் தொடை வலிமை. பிரேக் பலவீனம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நன்றாக மிதித்தால் நன்றாகவே நிற்கும். ஏபிஎஸ் கிடையாது என்பதால் ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதல் கியருக்கு 1967 இறுதி வரை சிங்க்ரோ, அதாவது கியர் பற்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. அந்த ஏற்றச் சந்தில் வேகம் செத்துப்போனால், ஓடிக்கொண்டே முதல் கியர் போட டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும்: கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச், கியர். பஸ் டிரைவர்கள் ஒரு காலத்தில் செய்ததுதான். ஸ்விஃப்ட் அதே ஏற்றத்தில், நீங்கள் காலை ஆக்சிலரேட்டருக்கு மாற்றும் ஓரிரு வினாடி பிரேக்கைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும்.

பி4507-இல் வளைவின் நடுவே ஒரு குழி வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எம்ஜிபியின் பின்பக்கம் முழு ஆக்ஸில், பிளேட் ஸ்பிரிங், லீவர் வகை ஷாக் அப்சார்பர். குழியில் ஒரு சக்கரம் விழுந்தால் ஆக்ஸில் முழுவதும் துள்ளும், வால் அரைச் சாண் நகரும், டாஷ்போர்டு நடுங்கும். ஸ்விஃப்ட் அதே குழியை ‘தொம்’ என்று விழுங்கிவிட்டுப் போகும். இதை வைத்துப் பார்த்தால் ஸ்விஃப்டுக்குத்தான் மார்க். ஆனால் அடுத்த வளைவில் எம்ஜிபியின் மெல்லிய ஸ்டியரிங்கை விரல் நுனியில் பிடித்துப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாததால் முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது, எப்போது வழுக்கப் பார்க்கிறது என்பது கையில் தெரியும். ஸ்விஃப்டின் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் லேசாக, துல்லியமாக இருக்கும், ஆனால் ஊமை. எம்ஜிபியில் 40 மைல் வேகத்தில் கிடைக்கும் சுறுசுறுப்பு ஸ்விஃப்டில் கிடைக்க 65 போக வேண்டும், அதற்குள் வளைவு முடிந்துவிடும். எனக்கு எம்ஜிபி பிடித்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. லைசென்ஸும் பத்திரமாக இருக்கிறது.

ஏ420-க்கு வந்தவுடன் நிலைமை தலைகீழ். டாப் கியரில் எம்ஜிபி ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் 17.9 மைல் வேகம் தரும். 70 மைலில் இன்ஜின் 3,900 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். ஹூட் என்ற துணிக் கூரை படபடக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும். ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர், இருக்கும் வண்டி என்றால் சுவிட்சைத் தட்டியதும் சுற்று 3,150 அளவுக்கு இறங்கும். நெடுஞ்சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபியை வாங்காதீர்கள், வாங்குவதாக இருந்தால் அது வேலை செய்கிறதா என்று ஓட்டியே பாருங்கள். ஸ்விஃப்டில் இந்தச் சாலையைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. பாட்டு கேட்டுக்கொண்டு போகலாம்.

விபத்து என்று வந்தால்

இதில் எடை போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ஸ்விஃப்டில் 6 ஏர்பேக், வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பி, தானாக பிரேக் போடும் வசதி. இத்தனை இருந்தும், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2024-இல் அதற்கு 3 நட்சத்திரம்தான் கொடுத்தது. எம்ஜிபியில் ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும், தலைக்கு மேலே துணி. தொடக்ககால வண்டிகளில் பிரேக்கே ஒரே சர்க்யூட். ஒரு குழாய் உடைந்தால் ஹேண்ட் பிரேக்தான் துணை. என் மகளை ஸ்கூலுக்கு ஸ்விஃப்டில்தான் கூட்டிப்போகிறேன்.

பர்ஸ் கணக்கு

மைலேஜ் எளிது. எம்ஜிபி லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர். ஸ்விஃப்டுக்குச் சோதனைக்கூட எண் 22-க்கு மேல், சாலையில் அதற்குக் கொஞ்சம் குறையலாம்.

மற்ற கணக்கில்தான் ஆச்சரியம். 40 வருஷம் தாண்டிய காருக்கு பிரிட்டனில் சாலை வரி இல்லை. லண்டன் புகைக் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2018-இலிருந்து எம்ஓடியும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். வருஷம் ஒருமுறை யாராவது அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சோதனை செய்பவன் சொல்கிறேன், வியாபாரத்துக்காக இல்லை. உதிரி பாகங்கள் மலிவு, ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியாகக் கேளுங்கள். இல்லையென்றால் வண்டி போனால் பழைய கார் விலையைத்தான் தருவார்கள்.

ஸ்விஃப்ட் வந்தபோது விலை 19,000 பவுண்டை நெருங்கியிருந்தது. அதைவிடக் குறைந்த விலைக்கு நல்ல எம்ஜிபி கிடைக்கும், அதன் விலை ஷோரூம் வாசலைத் தாண்டியதும் சரியவும் சரியாது. ஆனால் சம்பளம் கொடுத்து மெக்கானிக் வைத்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். சர்வீஸ் 3,000 மைலுக்கு ஒருமுறை: கிரீஸ் அடிக்க வேண்டும், வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், கார்புரேட்டர் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் டாஷ்பாட் என்ற குப்பியில் ஆயில் ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையை அழுக்காக்கிக்கொள்வது உங்களுக்கு இன்பமா தண்டனையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தண்டனை என்றால் ஸ்விஃப்ட் வாங்கிவிட்டு, எம்ஜிபியை வருஷத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை நாள் வாடகைக்கு விடும் இடங்கள் இங்கே நிறைய உண்டு.

வாங்குவது என்று முடிவானால் மே, ஜூனில் போகாதீர்கள். வெயிலில் ஹூட்டை இறக்கி வைத்திருக்கும்போது எந்த எம்ஜிபியும் அழகாகத்தான் தெரியும், விலையும் அப்போதுதான் ஏறியிருக்கும். நவம்பரில் மழை நாளாகப் பார்த்துப் போங்கள். ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி இன்ஜினைச் சூடேற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். குளிரில் சோக் இழுத்தால் எத்தனை சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, ஹூட் எந்த மூலையில் ஒழுகுகிறது, காலடிக் கம்பளத்துக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்றெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். ஹீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1962-இல் அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள்.